ஒன்பதாயிரத்து இருநூறு அடி

சட்டையைக் கழற்றினான். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தான்.

"மூச்சை விடுங்க சார். ஃபோட்டோ எடுக்கல, ஈ.சி.ஜி. எடுக்கறோம்" என்றாள் நர்ஸ்.

விட்டான். வயிறு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மதியம் ஆன்லைன் கோச் அழைத்திருந்தாள். தொண்ணூறு நாளில் எடை குறைக்கும் திட்டம். அறுபத்து மூன்று பேர். நடக்கும் அடிகளையும் இதயத் துடிப்பையும் எண்ணி ஃபோனுக்கு அனுப்பும் கைப்பட்டை ஆளுக்கு ஒன்று. நடையில் ஏழு வாரமாக அவன்தான் முதலிடம்.

"சார், நாலு நாளா உங்க இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுது. முதல்ல டாக்டரைப் பாருங்க."

மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

முதலிடம் சும்மா வரவில்லை.

தினமும் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வெள்ளரி, முளைகட்டிய பயறு. படம் எடுத்ததும் அந்தத் தட்டு மனைவிக்கு. பொங்கலும் வடையும் அவனுக்கு.

ஞாயிறுதோறும் எடை மெஷினின் படம். வாஷ்பேசினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டால் மூன்று கிலோ குறையும்.

நடையைப் பற்றி மட்டும் அவன் கவலைப்பட்டதே இல்லை. அது தானாக ஏறியது.

டாக்டர் தாளைப் புரட்டினார்.

"உங்க இதயம் நல்லா இருக்கு."

பிறகு அவனுடைய ஃபோனை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"காலையில அஞ்சு மணிக்கே மாடிப்படி ஏறியிருக்கீங்க?"

"நான் எழுந்ததே எட்டு மணிக்கு டாக்டர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"இந்தத் துடிப்பு உள்ளவங்க உடனே அட்மிட் ஆகணும். கைப்பட்டையை யார் கட்டியிருந்தாங்க?"

இடது மணிக்கட்டைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது.

கல்யாண நாள் பரிசு என்று சொல்லி அதைச் சாருமதியின் கையில் கட்டியவன் அவன்தான். மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. தண்ணீர்க் குடம், மொட்டை மாடியில் துணி, மாவு மில், பிள்ளையின் பள்ளி வேன். அவள் நடந்தாள். அவன் ஜெயித்தான். கைதட்டல் வாங்கி வாங்கி, அந்த எண்கள் தன்னுடையவை என்றே நம்பிவிட்டிருந்தான்.

சொல்லிவிடலாம்.

அடுத்த ஞாயிறு பரிசளிப்பு விழா. அழைப்பிதழில் அவன் படம்.

"மெஷின் கோளாறா இருக்கும் டாக்டர்."

டாக்டர் அவனையே பார்த்தார். அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

கதவைத் தாண்டுவதற்குள் திட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: 'எல்லாம் நார்மல். கடவுள் அருள்.' கைதட்டல் படங்கள் வந்து விழுந்தன.

வராந்தா நாற்காலியில் சாருமதி அவனுடைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மணிக்கட்டில் பட்டை.

"என்னங்க சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லை."

"முருகா" என்றாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அவன் ஃபோனைப் பார்த்தான். ஒன்பதாயிரத்து இருநூறு அடி. பத்தாயிரத்துக்கு இன்னும் எண்ணூறு.

"லிஃப்ட்ல கூட்டமா இருக்கும். நீ படியில வந்துடு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

லிஃப்ட் காலியாக வந்தது.