பதினொரு மில்லிமீட்டர்

கோவில்பட்டியில் இன்ஜினியர் சுடலைராஜ் ஆபீஸில் வீட்டு பிளான் வரைபவள் தஸ்னீம். கதவுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பிளாக் செய்து வைத்திருந்தாள். அளவைத் தட்டினால் போதும். நிலை, பலகை, நடுவே விடும் இடைவெளி எல்லாம் தானாக மாறிக்கொள்ளும்.

புதூரில் முப்பிடாதி கட்டும் வீட்டுக்கு ஆறு கதவு. ஆறுக்கும் இடைவெளி மூன்று மில்லிமீட்டர் என்று தட்டினாள். மறுநாள் காலை அடுப்படிக் கதவில் மட்டும் பதினொன்று இருந்தது. திருத்தினாள். அடுத்த நாளும் பதினொன்று. மூன்றாம் நாள் அவள் திருத்துவதற்குள் பிரிண்ட் ஆசாரி கைக்குப் போய்விட்டது.

“ஏம்மா, இந்தச் சந்துல பூரான் குடும்பம் நடத்தும். இன்னொரு தடவ இப்படின்னா வேலைக்கு வராத” என்றார் சுடலைராஜ்.

வீடு முடிந்து முதல் ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. கரிசல் மண் ஊறி உப்பியதில் நிலைகள் கோணிக்கொண்டன. முப்பிடாதி போன் செய்தாள்.

“அஞ்சு கதவு இறுகிட்டு சார். அடுப்படிக் கதவு மட்டும் தொறந்துச்சு. அது வழியாத்தான் பிள்ளையள வெளிய கொண்டாந்தேன். வரைஞ்ச புள்ள நல்லா இருக்கணும்.”

சுடலைராஜ் தஸ்னீமைக் கூப்பிட்டார். “அந்தப் பதினொன்ன எங்கன புடிச்ச?” அவள் சிரித்தாள். “சரி, இனிமே நீயே செக் பண்ணிக் கையெழுத்துப் போடு.”

அன்று மாலை, அடுத்த பிளானில் எட்டுக் கதவுகளின் இடைவெளியையும் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் எட்டிலும் எண் இருந்தது.

பிரிண்ட் எடுத்து, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் முதன்முறையாகத் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். ‘வரைந்தவர்’ என்ற இடத்தைக் காலியாகவே விட்டாள்.