நெருப்பு எங்கே?

பெண் பார்க்க வந்த அமிர்தநாதனுக்கு அபுதாபியில் எரிவாயுவைக் காய வைக்கும் வேலை.

"எதைப் போட்டுக் காய வைக்கிறீங்க தம்பி?" என்றார் கஸ்பர். வட்டவளைத் தோட்டத்தில் இருபது வருடமாகத் தேயிலையை அனலில் காய வைப்பவர் அவர்.

"கிளைகோல்னு தண்ணி மாதிரி ஒரு சாமான்ங்க. வாயுவில இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சிரும்."

கஸ்பர் சிரித்தார். "தண்ணியைப் போட்டா காய வைக்கிறது? நெருப்பில்லாம எது தம்பி காயும்? புளுகுறவங்களுக்கு நான் பொண்ணு குடுக்கிறதில்ல."

அமிர்தநாதன் தலைகுனிந்தான். தேநீர்த் தட்டோடு நின்ற மகள் இசபெல் மெல்லக் கேட்டாள்.

"குடிச்ச ஈரத்தோட அந்தச் சாமானை அப்புறம் என்ன செய்வீங்க?"

"அடுப்புல கொதிக்க வைப்போங்க. ஈரம் ஆவியாப் போயிரும். கிளைகோலைத் திரும்பவும் பாவிப்போம்."

"அப்ப நெருப்பு இருக்கு!" கஸ்பர் துள்ளி எழுந்தார். "நம்ம வேலைதான் தம்பி அது! முதல்லயே சொல்லக் கூடாதா? ஒத்தக் கேள்வியில புடிச்சா பாருங்க என் மக! நாளைக்கே ஃபாதரைப் பார்த்து நாள் குறிச்சிருவோம்."

இசபெல் வெட்கத்தோடு உள்ளே ஓடினாள். துணிப்பெட்டியின் அடியில், இரண்டு வருடமாக அபுதாபியிலிருந்து வந்த கடிதங்கள் பத்திரமாக இருந்தன. கடைசிக் கடிதத்தை மட்டும் எடுத்து இன்னொரு முறை படித்தாள்.

"நான் அடுப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். நீதான் கேட்க வேண்டும். மறந்துவிடாதே, இசபெல்!"