காதடைப்பான்

இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கொடுத்த காதடைப்பானை எல்லோரும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்ததால், கம்பெனி அதைக் காதுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டது. சத்தம் அளவு மீறினால் அது தானாக அடைத்துக்கொள்ளும்; குறைந்தால் திறந்துகொள்ளும். வேலையை விட்டு நின்றால்தான் எடுப்பார்கள்.

அதனால் அங்கே வேலை பார்க்கும் மாதப்பன் வீட்டில் சண்டைகூட ரகசியம் பேசுவதுபோலத்தான் நடக்கும். கத்தினால் அவனுக்குக் கேட்காது. மனைவி ஜெயக்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஆசைதீரத் திட்டுவாள்.

காய்ச்சலில் போய்விட்ட அந்த ஜெயக்கொடியைத்தான் இன்று கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

வாசலில் பறை அதிர்ந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மகள் வாணி அம்மாவின் மேல் விழுந்து கதறினாள். மாதப்பனுக்கு வாய்கள் திறந்து மூடுவது மட்டுமே தெரிந்தது. ஊமைப்படம் பார்ப்பவன்போல உட்கார்ந்திருந்தான்.

பாடை கட்டி முடிந்ததும் பறையும் அழுகையும் சற்று ஓய்ந்தன.

"பொண்டாட்டி போயிட்டா, கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு" என்று யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். அது நன்றாகவே கேட்டது.

அழுதழுது தொண்டை கட்டிப்போன வாணி அவன் காதருகே குனிந்தாள்.

"அப்பா, அம்மாவத் தூக்கப் போறாங்கப்பா."

அந்தக் கம்மிய குரல் எதிலும் தடுக்காமல் உள்ளே இறங்கியது. மாதப்பன் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. தெருவில் நின்றவர்கள்கூடத் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவனுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மூச்சிரைக்க மகளின் கையைப் பற்றினான்.

"பாப்பா, எனக்குச் சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா" என்றாள் வாணி, மெதுவாக. "தெருவுக்கே கேட்டுச்சு."