ஓரத்துப் பொட்டு

விசுவமடு பொதுநோக்கு மண்டபத்தில், மகளிர் தின விழாவின் கடைசி நிகழ்ச்சியாகத் தயாளினி மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்த ஊரில் இதுவரை எந்தப் பெண்ணும் மேடையேறிப் பகிடி சொன்னதில்லை. தகரக் கூரையின் ஆணித்துளைகளால் இறங்கும் வெயில் கதிரைகளின் மேல் பொட்டுப் பொட்டாய்க் கிடக்கிறது. "என்ர மனுசன் சண்டை முடிஞ்ச அண்டைக்கு ஆமியிட்டச் சரணடையப் போனவர். இன்னும் வரேல்லை. பொட்டு வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டால், 'ஆருக்கடி மினுக்கிறாய்?' எண்டு கேக்கினம். வைக்காமல் போனால், 'அவன் செத்திட்டான் எண்டு நீயே முடிவெடுத்திட்டியோ?' எண்டு கேக்கினம்." நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, இடது புருவத்துக்கு மேலே ஒட்டிக் காட்டுகிறாள். "அதுதான் இப்பிடி ஓரமா வைச்சிருக்கிறன். ரெண்டு பகுதிக்கும் பொது!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிப்பு எல்லார் வாய்க்குள்ளும் முட்டிக்கொண்டு நிற்க, கண்கள் முன்வரிசையில் இருக்கும் மாமியிடம் ஓடுகின்றன. போனவனைப் பெற்றவர் அவர்; அவர் சிரித்தால்தான் ஊர் சிரிக்கலாம். தயாளினியும் மாமியைத்தான் பார்க்கிறாள். இந்தப் பகிடியை மட்டும் அவள் வீட்டில் மாமிக்குச் சொல்லிக் காட்டவில்லை.

மாமி எழும்புகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, மருமகளின் பொட்டை நகத்தால் மெல்லக் கிளப்பி, நடுநெற்றியில் வைத்துப் பெருவிரலால் அழுத்துகிறார். மண்டபம் வெடித்துச் சிரிக்கிறது. இருவரும் பேசிவைத்து நடிக்கிறார்கள் என்று நினைத்து, பெண்கள் கதிரையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள். அந்த இரைச்சலுக்குள், மைக்குக்குக் கேட்காமல், மாமி காதோரம் சொல்கிறார்: "நடுவில இருக்கோணும், பிள்ளை. அவன் வந்தால் முதல் முகத்தைத்தான் பாப்பான்."