வட்டத்துக்கு ஏது தலை?

சுவரில் மாட்டப்போகும் பலகையில் யார் முதலில் நிற்பது என்று சோவியத் குடியரசுகளின் பதினைந்து சின்னங்களுக்கும் ஒரே சண்டை.

"மக்கள்தொகைப்படி நிற்போம்" என்றது ரஷ்யா. எஸ்தோனியாவுக்குக் கடைசி இடம்.

"அதெப்படி? சேர்ந்த தேதிப்படிதான்" என்று திராட்சைக் குலையை ஆட்டியது ஜார்ஜியா. அப்போதும் எஸ்தோனியாதான் கடைசி. கடைசி இடம் கதவோரம். கதவு திறக்கும்போதெல்லாம் இடி வாங்க வேண்டும். எஸ்தோனியா ஒரு யோசனை சொன்னது.

"அண்ணன்மாரே, வட்டமாக நிற்போமே. வட்டத்துக்கு ஏது தலை, ஏது வால்?"

"சின்னவன் மூளையைப் பார்!" என்று எல்லாம் ஆர்ப்பரித்தன. வட்டம் கட்டி முடித்த பிறகுதான் ரஷ்யாவுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏம்பா, பலகையை மாட்டுகிற கொக்கி எந்தப் பக்கம்?"

எஸ்தோனியா மெல்ல அண்ணாந்து பார்த்தது.

"என் தலைக்கு மேலேதான், அண்ணே."