முதுகைத் தாங்கிய கை

வலது தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி துருத்திக்கொண்டதிலிருந்து பெயிண்டருக்குக் கை காதுக்கு மேல் ஏறவில்லை. இன்று உடல் தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் அவன் வேலை மச்சானுக்குப் போய்விடும்.

"எங்கண்ணன் இந்நேரம் உங்க வேலைக்கு ஏணியே வாங்கியிருப்பான்" என்றாள் சிகிச்சை அறைக்குக் கூட வந்திருந்த மனைவி.

"நான் கையைத் தூக்குறதும் நீ வாயை மூடுறதும் ஒண்ணுதான். ரெண்டும் நடக்காது."

பிசியோதெரபிஸ்ட் அவன் பின்னால் நின்று, எலும்பின் அடிமுனையை உள்ளங்கையால் மேலே தள்ளினார். கை வலிக்காமல் உச்சிக்குப் போனது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது நான் தாங்கினதால. இப்ப தொடமாட்டேன், நீங்களே தூக்குங்க. ஏறினாத்தான் சான்று."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதுகில் உள்ளங்கை மறுபடி பதிந்தது, இந்தமுறை சில்லென்று. அவன் கை ஏறியது. நன்றி சொல்லக் கண்ணைத் திறந்தால், பிசியோதெரபிஸ்ட் எதிரே மேசையருகில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"அட, தானாவே ஏறுதே! கையெழுத்துப் போட்டுர்றேன்."

முதுகில் அந்தக் கை அப்படியே இருந்தது.

மனைவி சான்றை வாங்கிக்கொண்டு முன்னே போனாள். அவன் சட்டையைப் போடாமல் கையில் பிடித்தபடி வெளியே வந்தான். வந்தவன் கதவைச் சாத்தாமல், பின்னால் யாரும் தெரியாவிட்டாலும், இன்னொருவர் வெளியே வர ஆகும் நேரம்வரை பிடித்துக்கொண்டே நின்றான்.