நவ்ஃபா தோட்டத்துக் கூசா

"தள்ளுங்க, யாரும் பெட்டியைத் தொடாதீங்க!"

தேர் அல்லா என்ற ஊரில் நவ்ஃபாவின் தோட்டத்து வாசலில் அரசு ஜீப் நின்றது. காலையில் பறித்த கூசா என்னும் சீமைச் சுரைக்காய்ப் பெட்டிகள் இருபத்தெட்டுக்கும் அதிகாரி முஹன்னத் சிவப்பு நாடா சுற்றிக்கொண்டிருந்தார். பாதையோரம் பாதி ஊர் கூடிவிட்டது.

"நான் அப்பவே சொல்லல?" என்று குரலை உயர்த்தினார் சந்தை வியாபாரி அபூ ஷாகிர். "கக்கூஸ் தண்ணில வெளஞ்ச காய். தின்னா நேரா ஆஸ்பத்திரிதான்!"

கால்வாயில் தண்ணீர் வராமல் போனதால், இரண்டு வருடமாக நவ்ஃபா கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைச் சொட்டுக்குழாயில் பாய்ச்சுகிறாள். சமைத்துச் சாப்பிடும் காய்களுக்கு அரசாங்கமே அனுமதித்த தண்ணீர். ஆனாலும் சந்தையில் அவள் பெட்டிகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு, கூசாவைக் குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைத்து ஒரு தட்டம் நிறையக் கொண்டுபோனாள். மூடிய துணிகூட விலகாமல் தட்டம் வீடு திரும்பியது.

முஹன்னத் கடிதத்தை உரக்கப் படித்தார். "'நவ்ஃபாவின் காய்களில் கிருமி இருக்கிறது. சோதித்து ஊரைக் காப்பாற்றுங்கள்.' மொட்டைக் கடுதாசி. பேரு இல்ல."

எல்லோர் பார்வையும் அபூ ஷாகிர் பக்கம் திரும்பியது.

"வல்லாஹி, நான் எழுதல! எழுதினா பேரு போட்டே எழுதுவேன். எனக்கென்ன பயமா?"

ஊரார் 'உம்மு தலால்', தலாலின் அம்மா, என்று அழைக்கும் நவ்ஃபா யாரையும் பார்க்கவில்லை. நேரே அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். "மூணு தடவை உங்க ஆபீஸ் வாசல்ல நின்னேன், என் காயைச் சோதிச்சு ஒரு சீட்டு கொடுங்கன்னு. ஆளில்லைன்னு விரட்டுனீங்க. இன்னைக்கு மட்டும் ஆள் கெடைச்சிருச்சா?"

முஹன்னத்தின் முகம் சிவந்தது. "கிருமி இருந்தா தோட்டத்தை மொத்தமா உழுது போட்டுருவோம், உம்மு தலால். தண்ணி அனுமதியும் போயிடும்."

"உழுங்க. ஆனா வாசலோரம் நாலு காயைக் கிள்ளிட்டுப் போயிடாதீங்க. நடுவுல பறிங்க, குழாய் முடியிற எடத்துல பறிங்க. மண்ணையும் அள்ளுங்க, தண்ணியையும் புடிங்க."

அவள் சொன்னபடியே எடுத்துப்போன மாதிரிகளின் முடிவு வரும்வரை பறிக்கக் கூடாது என்று உத்தரவு. செடியிலேயே கூசாக்கள் முழங்கை நீளத்துக்கு முற்றின. நாடா சுற்றிய பெட்டிகள் அழுகின. நவ்ஃபா விடியும்போதெல்லாம் வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டாள்.

"உழப்போற நெலத்துக்கு எதுக்கு உம்மு தலால் தண்ணி?" என்று பாதையில் போன ஒருவன் சிரித்தான்.

"உழுறதுக்கும் ஈரம் வேணுமில்ல?"

எட்டாம் நாள் முஹன்னத் தோட்டத்துக்கு வந்தபோது சோதனை முடிவு இருந்த உறையை அவள் பிரிக்க விடவில்லை. "என்னைப் பேசினது சந்தையில. முடிவையும் அங்கேயே படிங்க."

சந்தை நடுவில் அவர் படித்தார். காயில் கிருமி இல்லை. மண்ணில் இல்லை. தண்ணீர் அரசு நிர்ணயித்த அளவுக்குள் இருக்கிறது. கீழே நீல முத்திரை.

பிறகு ஒரு பெண் கூடையோடு முன்னால் வந்தாள். "நாளைக்குப் பறிச்சா எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வையி."

அபூ ஷாகிர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு எத்தனை பெட்டி வரும், உம்மு தலால்?"

"உங்களுக்கா? இவங்க பின்னால வரிசையில நில்லுங்க."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. முஹன்னத் அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வாரப் பறிப்பு பாழாப்போச்சு. உங்களை ஒழிக்கணும்னே யாரோ செஞ்சிருக்காங்க. கடுதாசி எங்கிட்டதான் இருக்கு, கையெழுத்தை வெச்சு ஆளைப் புடிச்சிரலாம். பொய்ப் புகார் கொடுத்தவங்க மேல கேஸ் போடட்டுமா?"

நவ்ஃபா முத்திரைச் சீட்டை நான்காக மடித்தாள்.

"தாராளமா. ஆனா என் மேலதான் போடணும், சார்."